ஒற்றைத் தெருவில் ஒரு ஊர்: சுவோஷோவா ஏன் அப்படி நீண்டு கிடக்கிறது?

ஒரு படம் சில வருடங்களாக வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. மேலே இருந்து டிரோனில் எடுத்தது. நடுவில் லேசாக வளைந்து வளைந்து போகிற ஒரே ஒரு சாலை, அதன் இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் பச்சை, மஞ்சள், பழுப்பு என்று நீள நீளப் பட்டைகளாக வயல். தென்னங்கீற்றை விரித்துப் போட்டது மாதிரி இருக்கும்: மட்டை இருக்கும் இடத்தில் தெரு, ஓலை இருக்கும் இடத்தில் நிலம். கீழே "போலந்தில் ஒரு கிராமம், 6,000 பேரும் ஒரே தெருவில் வாழ்கிறார்கள்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே "எவ்வளவு அழகாகத் திட்டம் போட்டிருக்கிறார்கள் பாருங்கள்" என்று கருத்துகள்.

அந்த ஊர் உண்மையானது, படமும் உண்மையானது. ஆனால் அந்த அழகை யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. தண்ணீர் எங்கே கிடைத்தது என்பதும், எழுநூறு வருடங்களுக்கு முன் நிலத்தை எப்படி அளந்து கொடுத்தார்கள் என்பதும், அதற்கப்புறம் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் எப்படிப் பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்பதும் சேர்ந்து போட்ட கோடுகள் அவை. அதைத்தான் விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் பெயர். தமிழில் பல இடங்களில் 'சுலோஸோவா' என்று எழுதியிருக்கிறார்கள். போலிஷ் எழுத்தில் ஒரு 'எல்'லின் குறுக்கே சின்னக் கோடு போட்டிருந்தால் அதை 'வ' மாதிரி உச்சரிக்க வேண்டும், 'எஸ்'ஸும் 'இசட்'டும் சேர்ந்து வந்தால் 'ஷ'. ஆக, உள்ளூர்க்காரர்கள் வாயில் அது சுவோஷோவா. இதே கணக்கில்தான் பக்கத்துக் கோட்டை பியெஸ்கோவா ஸ்காவா ஆகிறது. பக்கத்துச் சின்ன நகரத்தின் பெயரும் வெறும் ஸ்காவா. போலிஷில் ஸ்காவா என்றால் பாறை. பெயரிலேயே பாறை வருகிற நாடு அது, ஏன் என்பது கொஞ்சம் போனால் புரியும்.

ஊர் இருப்பது தெற்குப் போலந்தில், பழைய தலைநகரமான கிராக்கோவிலிருந்து வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டர். நிர்வாகக் கணக்கில் மாவோபோல்ஸ்கா மாகாணம், கிராக்கோவ் மாவட்டம். கிராக்கோவுக்கும் செஸ்தொஹோவா நகரத்துக்கும் நடுவே நீண்டு கிடக்கிற சுண்ணாம்புப் பாறை மேட்டுநிலத்தின் தெற்குப் பகுதி. மேட்டுநிலம் என்றதும் பெரிய மலைகளை நினைக்க வேண்டாம், மொத்த மேட்டுநிலத்தின் மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 515 மீட்டர்தான். அலையடித்தது போன்ற சமவெளி, அதை அங்கங்கே ஆழமாக அறுத்துக்கொண்டு போகிற பள்ளத்தாக்குகள், திடீர் திடீரென்று தனியாக நிற்கிற வெள்ளைப் பாறைகள். இவ்வளவுதான் நிலத்தோற்றம்.

'ஒரே தெரு' என்பதைக் கொஞ்சம் சரிசெய்ய வேண்டும். 773 என்ற எண் கொண்ட மாகாணச் சாலைதான் அந்த நடுத்தெரு, ஊருக்குள் அதன் நீளம் சுமார் 9 கிலோமீட்டர். மக்கள்தொகை ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் சாலையிலிருந்து பிரிகிற சின்னச் சந்துகளும் வயல் பாதைகளும் இருக்கின்றன, அவற்றிலும் வீடுகள் உண்டு. ஆனால் பெரும்பாலான வீடுகள் நடுச்சாலையைப் பார்த்தபடிதான். 9 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ஊரை நிர்வாகம் செய்வது லேசான காரியம் இல்லை, அதனால் அதை சுவோஷோவா 1, 2, 3 என்று மூன்று துண்டாக எண் போட்டு வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊர்த்தலைவர். அந்தத் தலைவருக்கு போலிஷில் சோவ்திஸ் என்று பெயர். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் மறுபடி வரும்.

இன்னொரு திருத்தம்: உலகத்திலேயே ஒன்றுதான் என்பது போல எழுதுகிறார்களே, அது சரியில்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கிற யெஷ்மனோவித்சேவும் இதே மாதிரி நீண்டு கிடக்கிற ஊர்தான். தெற்குப் போலந்து முழுக்க, கார்ப்பாத்திய மலையடிவாரம் வரைக்கும், இந்த அமைப்பை நிறையப் பார்க்கலாம். போலந்தின் புவியியல் நூல்களில் இதற்கு ஒரு தனிப் பெயரே இருக்கிறது, 'சங்கிலி ஊர்' என்று பொருள்படும். சுவோஷோவா அந்த வகையில் மிகத் தெளிவாக, கலையாமல் நின்ற ஒன்று. அதனால்தான் டிரோன் அதைத் தேடிப் போனது.

சரி, ஏன் ஒரே வரிசை?

முதல் காரணம் காலுக்கு அடியில் இருக்கிறது. ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில், ஏறக்குறைய 15 கோடி வருடங்களுக்கு முன், இந்த இடம் வெதுவெதுப்பான, ஆழம் குறைந்த கடல். அந்தக் கடலடியில் கடற்பஞ்சுகளும் நுண்ணுயிர்களும் சேர்ந்து கட்டிய திட்டுகள் இறுகி, கெட்டியான சுண்ணாம்புப் பாறையாயின. அப்புறம் கடல் விலகி நிலம் மேலே வந்ததும் மழைநீர் தன் வேலையை ஆரம்பித்தது. சுண்ணாம்புப் பாறைக்கு ஒரு குணம் உண்டு: மழைநீரில் கரைந்திருக்கிற கரிமிலவாயு அதை மெல்ல மெல்லக் கரைத்துவிடும். விரிசல் பொந்தாகும், பொந்து குகையாகும், மேலே விழுகிற தண்ணீர் அந்த வழியாகக் கீழே இறங்கிப் போய்விடும். அதனால் மேட்டுநிலத்தின் மேல்பரப்பில் மழை பெய்தாலும் தண்ணீர் தங்காது. ஓடை கிடையாது, குளம் அபூர்வம், கிணறு தோண்டினாலும் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று சொல்ல முடியாது. உள்ளே போன தண்ணீர் எங்காவது வெளியே வந்தாக வேண்டுமே, அது பள்ளத்தாக்கின் அடியில் ஊற்றாக வருகிறது.

சுவோஷோவா அப்படிப்பட்ட ஒரு பள்ளத்தாக்கில்தான் படுத்திருக்கிறது. பிரோந்த்னிக் என்கிற சின்ன ஆறு இந்த ஊரில்தான் பிறக்கிறது. கீழே போகப் போக அந்த ஆறு செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆழமாக அறுத்துக்கொண்டு போகும், ஆனால் மேலே, பிறந்த இடத்தில், பள்ளத்தாக்கு ஆழமில்லாமல் அகலமான வாய்க்கால் போலத்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஏறுமுகமான சரிவு, உழுவதற்குத் தோதான சரிவு. தண்ணீர் அடியில், மண் மேலே. அப்படி இருந்தால் வீட்டை எங்கே கட்டுவீர்கள்? தண்ணீரை ஒட்டித்தான். மேட்டுக்கு ஏற ஏறத் தண்ணீர் தூரமாகும், மாட்டுக்கும் மனிதருக்கும் தினமும் சுமக்க வேண்டியிருக்கும். ஆக ஓடை வளைகிற இடத்தில் தெருவும் வளைகிறது. படத்தில் நாம் ரசிக்கிற அந்த வளைவு ஓடையின் வளைவு.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் வெறும் சுண்ணாம்புப் பாறை மேல் இவ்வளவு விவசாயம் நடக்காது. கடைசிப் பனியுகத்தில் பனிப்பாளத்தின் விளிம்பு இதற்கு வெகு வடக்கே நின்றுவிட்டது. அந்தப் பனிப்பாளத்துக்கு முன்னால் இருந்த வறண்ட, செடிகொடி இல்லாத வெளியிலிருந்து காற்று மென்மையான புழுதியை அள்ளிக்கொண்டு வந்து இந்த மேட்டுநிலத்தின் மேல் போட்டது. லோயஸ் என்று சொல்வார்கள். மஞ்சளாக, மாவு போல இருக்கும், கல் கிடையாது, ஏர் சுலபமாக இறங்கும், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தடிமன் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் இது இருக்கிற இடத்தில் கோதுமை நன்றாக வரும். கெடுதல் ஒன்று உண்டு: பலத்த மழைக்கு இது கரைந்து ஓடும். சரிவின் போக்கிலேயே மேலும் கீழுமாக உழுகிற நிலத்தில் அந்தக் கரைச்சல் இன்னும் அதிகம். இந்த ஊரின் வயல்கள் பெரும்பாலும் அப்படித்தான் கிடக்கின்றன, தெருவிலிருந்து நேராக மேட்டை நோக்கி. மண்ணுக்கு நல்லதல்ல என்று தெரிந்தும் அப்படியே வைத்திருக்கிறார்களே, ஏன்?

இங்கேதான் இரண்டாவது காரணம் வருகிறது: அளந்து கொடுத்த முறை.

13, 14-ஆம் நூற்றாண்டுகளில் போலந்தின் அரசர்களும் மடங்களும் பிரபுக்களும் காட்டை வெட்டி ஊர் உண்டாக்குவதில் மும்முரமாக இருந்தார்கள். 1241-இல் மங்கோலியப் படையெடுப்பு நாட்டைச் சூறையாடிவிட்டுப் போயிருந்தது. நிலம் இருந்தது, உழுவதற்கு ஆள் வேண்டும். அதற்காக ஜெர்மன் பகுதிகளிலிருந்து வந்த ஒரு சட்ட முறையைக் கையில் எடுத்தார்கள். அதே முறைப்படிதான் கிராக்கோவ் நகரமே 1257-இல் புதிதாகப் பட்டயம் பெற்று, சதுரச் சதுரமாகத் தெரு போட்டு எழுந்தது. கிராமங்களில் அது இப்படி நடந்தது: நிலத்துக்காரர் ஒரு ஏற்பாட்டாளரோடு ஒப்பந்தம் போடுவார். அந்த ஏற்பாட்டாளர் குடியேறிகளைத் திரட்டிக்கொண்டு வந்து, நிலத்தை அளந்து பிரித்து, ஊரை நிறுவ வேண்டும். கைம்மாறாக அவருக்குப் பெரிய பங்கு நிலமும், பரம்பரை ஊர்த்தலைவர் பதவியும் கிடைக்கும். அந்தப் பதவியின் பெயர்தான் சோவ்திஸ். ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. இன்றைக்கு போலந்துக் கிராமங்களில் தேர்தலில் நின்று ஜெயிக்கிறவரையும் அதே பெயரில்தான் கூப்பிடுகிறார்கள்.

குடியேறிகளுக்கு ஆளுக்கு ஒரு 'வான்' நிலம். வான் என்பது ஒரு குடும்பம் பிழைப்பதற்குப் போதுமானது என்று கருதப்பட்ட அளவு. இடத்துக்கு இடம் மாறும், தெற்கில் காட்டை வெட்டி உண்டாக்கிய ஊர்களில் புழங்கிய பெரிய வான் சுமார் 24 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறக்குறைய 60 ஏக்கர். காட்டை வெட்டித் திருத்த வேண்டியிருந்ததால் பல வருடங்களுக்கு வரி கிடையாது. அதை எப்படி அளப்பது? ஓடைக்கரையில் ஒரு வரிசையாக ஆட்களை நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் முன்னால் ஓடை, பின்னால் ஊர் எல்லை வரை நேராக ஒரு பட்டை. அவ்வளவுதான். கீழே தண்ணீரும் புல்லும், அதற்கு மேல் வீடும் தோட்டமும், அதற்கு மேல் உழுநிலம், கடைசியில் வெட்டாமல் விட்ட காடு. எல்லாருக்கும் எல்லாத் தினுசு நிலமும் கிடைத்துவிடுகிறது. யாருக்கும் "எனக்கு மேடு, அவனுக்குப் பள்ளம்" என்ற மனக்குறை வராது. காட்டை வெட்டுகிறவன் வீட்டு வாசலிலிருந்து ஆரம்பித்து மேலே வெட்டிக்கொண்டே போவான், வெட்ட வெட்ட அவன் வயல் நீளும்.

எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது அதன் நியாயம். போலந்தின் நடுப்பகுதியில் பல ஊர்களில் வேறு வழக்கம் இருந்தது. அங்கே வீடுகள் எல்லாம் ஒரு கூட்டமாக இருக்கும், வயலை மூன்று பெரிய பங்காக்கி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு. நிலம் சதுரங்கப் பலகை மாதிரிச் சிதறிக் கிடக்கும், 'சதுரங்கம்' என்றே அதைச் சொல்வார்கள். ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்கு நடந்தே பாதிப் பொழுது போய்விடும். பட்டை ஊரில் அந்தத் தொல்லை இல்லை. கொல்லைக் கதவைத் திறந்தால் வயல்.

சரி, 60 ஏக்கர் பட்டை என்றால் நல்ல அகலமாக இருந்திருக்குமே, இப்போது படத்தில் நூல் நூலாகத் தெரிகிறதே? மூன்றாவது காரணம், பாகப்பிரிவினை.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 24 ஹெக்டேர் பட்டை, நீளம் 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அகலம் 120 மீட்டர். அப்பனுக்கு நாலு பிள்ளைகள். எப்படிப் பிரிப்பது? குறுக்கே வெட்டினால் மூத்தவனுக்குத் தெருவும் தண்ணீரும் கிடைக்கும், கடைசிப் பிள்ளைக்குக் காட்டோரம் ஒரு துண்டு, அதுவும் மூன்று அண்ணன்மார் நிலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒத்துக்கொள்வானா? ஆக நெடுக்கே வெட்டினார்கள். ஆளுக்கு 30 மீட்டர் அகலம், நீளம் குறையாத அதே 2 கிலோமீட்டர். எல்லாருக்கும் தெருமுகம், எல்லாருக்கும் மேட்டுநிலம். அடுத்த தலைமுறையில் மூன்று பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 10 மீட்டர். நீளம் அப்போதும் அதே 2 கிலோமீட்டர். தெருவில் இரண்டு வீட்டுக்கு நடுவே இன்னொரு வீடு முளைக்கிறது, அதன் பின்னால் ஒரு பட்டை இரண்டாகிறது. ஊர் நீளவே இல்லை, அடர்த்தியாகிக்கொண்டே போயிற்று. நான் போட்டது வெறும் மாதிரிக் கணக்கு, சுவோஷோவாவின் ஒவ்வொரு பட்டைக்கும் இதே எண்கள் வராது. ஆனால் வேலை செய்த விதி இதுதான்.

பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே உழாமல் விட்ட மெல்லிய புல்வரப்பு. போலிஷில் மியெட்ஸா என்பார்கள். அண்ணன் தம்பிகள், பங்காளிகள் தலைமுறைக் கணக்கில் சண்டை போட்டது அந்த ஒரு சாண் வரப்புக்காகத்தான். அவன் ஏர் இந்தப் பக்கம் ஒரு கோடு அதிகமாக ஓடிவிட்டது என்று. அதே வரப்பில்தான் காட்டுப்பூவும் கவுதாரியும் முயலும் தேனீயும் பிழைத்துக்கொண்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய இயந்திர விவசாயம் வந்த ஐரோப்பிய நாடுகளில் வரப்புகள் எல்லாம் போய், அதோடு வயல்வெளிப் பறவைகளும் வெகுவாகக் குறைந்துபோன பிறகு, இந்தப் பட்டை நிலங்களின் அருமை மெதுவாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

இந்த அமைப்பு ஏன் அழியவில்லை என்பது தனிக் கதை, அது இல்லாவிட்டால் இன்றைக்குப் படமே இருந்திருக்காது. 18-ஆம் நூற்றாண்டின் முடிவில் போலந்தை ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்குபோட்டுக்கொண்டன. 1815-க்கு அப்புறம் ஒரு எல்லைக்கோடு கிராக்கோவுக்குச் சற்று வடக்கே ஓடியது. கிராக்கோவ் முதலில் ஒரு சின்னத் தனிக் குடியரசாகவும், 1846-இலிருந்து ஆஸ்திரியாவின் பகுதியாகவும் இருக்க, சுவோஷோவா ரஷ்ய ஜாரின் பக்கம் மாட்டிக்கொண்டது. 1863-இல் ஜாருக்கு எதிராக நடந்த எழுச்சியில் இந்தப் பள்ளத்தாக்கிலேயே சண்டை நடந்தது. மார்ச் மாதம் பியெஸ்கோவா ஸ்காவா கோட்டையருகிலும் ஸ்காவா ஊரிலும். ஆந்திரி பொத்தெப்னியா என்று ஒரு உக்ரைனிய இளைஞர், ரஷ்யப் படையில் அதிகாரியாக இருந்தவர், போலந்துக்காரர்கள் பக்கம் வந்து போரிட்டு அங்கே உயிர்விட்டார். அவரைப் புதைத்திருப்பதும் ஸ்காவாவில்தான்.

எழுச்சி தோற்றது. ஆனால் விவசாயிகள் எழுச்சிக்காரர்களோடு சேர்ந்துவிடக் கூடாது என்று ஜார் 1864-இல் ஒரு ஆணை போட்டார்: உழுகிறவனுக்கே நிலம் சொந்தம். அதுவரை பிரபுவுக்கு உழைத்தும் வாரம் கட்டியும் வந்த குடியானவர்கள் பட்டைகளின் உரிமையாளர்கள் ஆனார்கள். பிரிப்பதும் விற்பதும் வாங்குவதும் அதற்கப்புறம் இன்னும் வேகம் எடுத்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. சோவியத் ஒன்றியத்திலும், செக்கோஸ்லோவாக்கியாவிலும், கிழக்கு ஜெர்மனியிலும் சின்ன நிலங்களை எல்லாம் சேர்த்துக் கூட்டுப்பண்ணை ஆக்கினார்கள், வரப்புகளை உழுது அழித்தார்கள். போலந்திலும் 1948-இலிருந்து அதற்கு முயன்றார்கள். குடியானவர்கள் அசையவில்லை. 1956-இல் கொமுவ்கா கம்யூனிஸ்ட் கட்சித் தலைமைக்கு வந்ததும் அரசே கையை எடுத்துக்கொண்டது, பத்தாயிரம் கூட்டுப்பண்ணைகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் கலைந்தன. சோவியத் அணியில் இருந்தும் விவசாய நிலத்தில் பெரும்பங்கு தனியார் கையிலேயே தங்கிய நாடு போலந்து. இன்றும் போலந்தின் சராசரிப் பண்ணை அளவு சுமார் 11 ஹெக்டேர், மாவோபோல்ஸ்காவில் அது 4 ஹெக்டேருக்குச் சற்று மேல்தான். சிறிசாக இருப்பது லாபத்துக்கு உதவாது, அது உண்மை. ஆனால் அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் சுவோஷோவாவின் கோடுகள் 1950-களிலேயே மறைந்திருக்கும். அந்தக் குடியானவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இனி ஊரைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்ப்போம். படத்தைப் பகிர்கிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை, எனக்கு அது பெரிய வருத்தம்.

தெருவின் கீழ்க்கோடியில், ஆறு தென்கிழக்காகத் திரும்பி ஆழமான பள்ளத்தாக்குக்குள் இறங்குகிற இடத்தில், பாறை மேல் பியெஸ்கோவா ஸ்காவா கோட்டை. கோட்டையும் சுவோஷோவாவின் எல்லைக்குள்தான். 1315-ஆம் வருட ஆவணம் ஒன்றிலேயே ஜெர்மன் வாடையோடு 'பெஸ்கென்ஸ்டைன்' என்று பெயர் வருகிறது. இப்போதுள்ள கோட்டையின் ஆரம்பம் 14-ஆம் நூற்றாண்டில், மகா கசிமிர் அரசர் காலத்தில். கிராக்கோவுக்கும் சிலேசியாவுக்கும் நடுவே எல்லைக் காவலுக்காக அவர் இந்தப் பாறைகளின் மேல் வரிசையாகக் கோட்டைகள் கட்டினார். 'கழுகுக் கூடுகளின் பாதை' என்று அவற்றைத் தொட்டுக்கொண்டு கிராக்கோவிலிருந்து செஸ்தொஹோவா வரை 160 கிலோமீட்டருக்கு மேல் ஒரு நடைப்பாதை போகிறது. பியெஸ்கோவா ஸ்காவாவை 1377-இல் ஷஃப்ரானியெட்ஸ் குடும்பம் பெற்றது, 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மறுமலர்ச்சிப் பாணியில் தூண் வரிசைகளோடு முற்றம் கட்டி மாளிகையாக மாற்றினார்கள். இப்போது கிராக்கோவின் வாவெல் அரண்மனை அருங்காட்சியகத்தின் கிளை.

கோட்டைக்குக் கீழே, சாலையை ஒட்டி, ஹெர்குலிஸின் கதாயுதம் என்று பெயர் வாங்கிய பாறை. சுமார் 25 மீட்டர் உயரம், மேலே பருத்து, கீழே மெலிந்து, கதாயுதத்தைத் தலைகீழாக நட்டு வைத்தது போல நிற்கிறது. போலந்து நாட்டுப்புறக் கதைகளில் துவர்தோவ்ஸ்கி என்று ஒரு மந்திரவாதி வருவார், அவர் சாத்தானுக்கு இட்ட வேலைகளில் ஒன்று இந்தப் பாறையை மெலிந்த பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்துவது. நிலவியல் சொல்கிற காரணம் இதைவிட நிதானமானது. கெட்டியான பாறையைச் சுற்றியிருந்த மென்மையான பாறை எல்லாம் கரைந்து போக, கெட்டி மட்டும் மிஞ்சியது. அடிப்பகுதி இன்னும் அரித்ததால் இடுப்பு மெலிந்தது. மேட்டுநிலம் முழுக்க வயல் நடுவிலும் தோட்ட ஓரத்திலும் தனித்தனியாக நிற்கிற வெள்ளைப் பாறைகளுக்கும் இதே கதைதான்.

அங்கிருந்து தெற்கே ஓய்ட்சுஃப் தேசியப் பூங்கா. 1956-இல் அறிவித்தார்கள், பரப்பு சுமார் 21 சதுர கிலோமீட்டர், போலந்தின் தேசியப் பூங்காக்களிலேயே மிகச் சிறியது. அந்தச் சின்ன இடத்துக்குள் 700-க்கு மேற்பட்ட குகைகள். அதனால்தான் பூங்காவின் சின்னமே வௌவால். வோகியெதெக் குகை என்று ஒன்று இருக்கிறது. போஹேமிய அரசன் துரத்தியபோது, பின்னால் போலந்துக்கு அரசரான வோகியெதெக் அதில் ஒளிந்திருந்தார் என்றும், குகை வாசலில் சிலந்தி வலை பின்னி அவரைக் காப்பாற்றியது என்றும் ஒரு கதை உண்டு. அதன் கதவையே சிலந்தி வலை உருவத்தில் இரும்பில் செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, பெயரே 'இருட்டுக் குகை'. அதில் கிடைத்த இரண்டு சின்ன விரல் எலும்புகள் ஒரு நியாண்டர்தால் குழந்தையுடையவை என்றும், வயது ஒரு லட்சம் வருடத்துக்கு மேல் என்றும், பெரிய பறவை ஒன்றின் வயிற்றுக்குள் போய் வந்த தடயம் அவற்றில் இருக்கிறது என்றும் 2018-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். போலந்தில் கிடைத்த மனித எச்சங்களில் அவைதான் மிகப் பழையவை. அந்தக் குழந்தையைப் பறவை கொன்றதா, இறந்த பின் கொத்தியதா என்று சொல்ல முடியாது. படித்த அன்று ராத்திரி முழுக்க எனக்கு அதே நினைப்பு.

பள்ளத்தாக்குக்கு என்று தனி வானிலை வேறு. ராத்திரியில் குளிர்ந்த கனமான காற்று மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் அடியில் உறைபனி, மேலே அவ்வளவு இல்லை. ஒரே பள்ளத்தாக்கில் நிழல் விழுகிற சரிவில் மலைப்பகுதிச் செடிகள், வெயில் படுகிற வெள்ளைப் பாறைச் சரிவில் வறண்ட புல்வெளிச் செடிகள், இரண்டும் எதிரெதிரே. ஓய்ட்சுஃப் பெயரிலேயே ஒரு பிர்ச் மர வகை இருக்கிறது, 1809-இல் தாவரவியலாளர் பெஸ்ஸர் விவரித்தது. ஊற்றுத் தண்ணீர் எப்போதும் குளிர்ந்திருப்பதால் கீழே டிரௌட் மீன் வளர்க்கிறார்கள். 1829-இல் பத்தொன்பது வயது இசையமைப்பாளர் சோபின் கூட இங்கே வந்து, வழி தெரியாமல் அலைந்து, ஒரு குடியானவர் வீட்டில் ராத்தங்கியிருக்கிறார். ஓய்ட்சுஃபில் ஓடைக்குக் குறுக்கே தூண் மேல் நிற்கிற ஒரு மரத் தேவாலயம் உண்டு, 1901-இல் கட்டியது. ஓய்ட்சுஃப் நிலத்தில் வழிபாட்டுக் கட்டடம் கூடாது என்று ஜார் தடைபோட்டதால், நிலத்தில் கட்டாமல் தண்ணீர் மேல் கட்டிவிட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

மேற்கே போனால் வேறு உலகம். ஓல்குஷ் நகரம், இடைக்காலத்திலிருந்து வெள்ளியும் ஈயமும், பின்னாளில் துத்தநாகமும் தோண்டிய ஊர். தாது உருக்க விறகு வேண்டும், சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்க மரம் வேண்டும், அதற்காகக் காட்டை மொட்டையடித்தார்கள். காடு போனதும் அடியில் பனியுக நீரோட்டங்கள் கொட்டி வைத்திருந்த மணல் வெளியே வந்து பறக்க ஆரம்பித்தது, அதுதான் இன்றைக்கு ஓல்குஷுக்கு வடமேற்கே இருக்கிற ப்வெந்துஃப் பாலைவனம். ஐரோப்பாவின் நடுவில் பாலைவனம் என்றால் நம்ப மாட்டார்கள், ஆனால் மனிதக் கை செய்த வேலை அது. சுரங்கத்துக்குள் சேர்கிற தண்ணீரை வெளியே இறைத்து இறைத்து நிலத்தடி நீரையும் கீழே இறக்கிவிட்டார்கள். இறைத்து வெளியே விட்ட நீரில் ஓடிக்கொண்டிருந்த சின்ன ஆறுகள் கடைசிச் சுரங்கம் மூடி இறைப்பதை நிறுத்தியதும் வற்றிப்போயின, 2022-இல் ஷ்தோவா என்ற ஆறு அப்படித்தான் காணாமல் போனது. ஒரே சுண்ணாம்பு மேட்டின் ஒரு ஓரத்தில் தண்ணீரைப் பார்த்துப் பார்த்து ஊர் கட்டியவர்கள், இன்னொரு ஓரத்தில் தண்ணீரின் வழியையே மாற்றியவர்கள்.

சுவோஷோவாவுக்கே திரும்புவோம். இப்போது அந்தப் பட்டைகளில் கோதுமை, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், ஸ்ட்ராபெரி எல்லாம் வருகின்றன. ஆளாளுக்கு வேறு பயிர், வேறு நாளில் விதைப்பு, வேறு நாளில் அறுப்பு, அதனால்தான் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் வேறு வேறு நிறம். ஆனால் 4 ஹெக்டேரை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பிழைப்பது கஷ்டம், கிராக்கோவ் 30 கிலோமீட்டரில் இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் பலர் வண்டியெடுத்துக்கொண்டு நகரத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். நிலத்தை விற்க மனம் வராது, உழவும் நேரமில்லை, பக்கத்துப் பட்டைக்காரருக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். குத்தகை எடுத்தவர் டிராக்டரை எடுத்துக்கொண்டு நாலைந்து பட்டைகளை ஒரே மூச்சில் உழுது ஒரே பயிர் வைப்பார். பத்திரத்தில் நாலு பட்டைதான், மேலே இருந்து பார்த்தால் ஒன்று.

அடுத்த முறை அந்தப் படம் உங்களுக்கு வரும்போது பெரிதாக்கிப் பாருங்கள். மெல்லிய நூல்களுக்கு நடுவே அங்கங்கே ஒரே நிறத்தில் அகலமான பட்டைகள் தெரியும். அவற்றின் தெருப்பக்க நுனியில் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள்.